பிரஸ் பிறந்த ஊர்

காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து நிரப்பும் பழங்கால பிரஸ்கள் முரளிதரனிடம் பதினேழு இருந்தன. பதினெட்டாவதைத் தூக்குவதற்கு, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டு அரியரத்தினத்தை தாங்கள் குடியிருக்கும் டண்டினொங் ஊரின் பழம்பொருள் கடைக்கு அழைத்து வந்திருந்தான்.

“பார்த்ததுமே சொல்லிடுவேன் அங்கிள். இது அமெரிக்காவுல செஞ்சது.”

“இல்லைத் தம்பி, இஞ்ச டண்டினொங்கிலதான்.”

முரளிதரன் சிரித்தான். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அடியில ஏழாம் நம்பர் கண்ணாடியில தெரியிற மாதிரித் திரும்பி இருக்கும். பிரட்டிப் பாருங்கோ.”

புரட்டினார்கள். ஏழு திரும்பித்தான் இருந்தது.

“இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே அங்கிள்!”

அரியரத்தினம் இரும்பைத் தடவினார்.

“அகதியா வந்து, இரும்பு வார்க்கிற பக்டரியில நான் வார்த்த முதல் சாமான். நம்பர் அச்சை மாறி வைச்சிட்டன். ஆனா பாருங்கோ, முப்பத்தெட்டு வருசமாகியும் ஒரு வெடிப்பு இல்லை!”