பிரிந்த மண்

வெடிச் சத்தம் விராலிமலை ரோடுவரைக்கும் போய் அடங்கிய பிறகுதான் எதிர்க்கரையில், கல்லுடைக்கும் கிரஷரிலிருந்து கொட்டிய மண்மேடு அசைந்தது.

ஆரோக்கியதாஸ் முதலில் நம்பவில்லை. குவாரிப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், வெடி போடும்போது ஆட்கள் ஒதுங்குகிற மேட்டுப் பாறையில் நின்றிருந்தான். அங்கே மண்ணின் உச்சி ஒரு முழம் இறங்கியது. அப்புறம் மொத்தமாகப் புறப்பட்டது.

அதற்கு நேர் கீழே அவன் வீடு. வீட்டில் சுகுணாவும் கைப்பிள்ளையும்.

அந்த இடத்துக்கு வீடுதான் முதலில் வந்தது. கிரஷர் மண் பல வருஷம் கழித்து வந்து, கொட்டக் கொட்ட வளர்ந்து, கொல்லைவரைக்கும் காலை நீட்டிவிட்டது. முதலாளியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போன மாதம் அவனே இரண்டு பெரிய கற்களை வீட்டுக்கு மேலே, கூர்முனை மேட்டைப் பார்க்க, ஏர்க்கொழு போலச் சேர்த்து நட்டான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மண் தண்ணீராக ஓடி வந்தது. மண்ணுக்கு இவ்வளவு வேகம் உண்டென்று அவனுக்குத் தெரியாது. கல்லில் மோதி ஆளுயரத்துக்கு எழும்பியது.

இரண்டாகப் பிரிந்தது.

வீட்டுக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக ஓடியது. நடுவில் வீடும் வாசலும் அப்படியே நின்றன.

"வீட்டத் தொடலண்ணே! ஒங்க கல்லு பிரிச்சு விட்டுருச்சு!" கூட வேலை பார்க்கும் விக்ரம் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

ஆரோக்கியதாஸுக்கு அழுகை வந்துவிட்டது. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னான்.

அப்போதுதான் வீட்டுக் கதவு திறந்தது.

சுகுணா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சுற்றிலும் புழுதி. மண் எங்கே ஓடுகிறது என்று மேலே நின்ற இவனுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாது.

"உள்ளயே இரு சுகுணா! வெளிய வந்துராத!"

பள்ளத்தைத் தாண்டிக் குரல் போகவில்லை. மண்ணின் இரைச்சல் இன்னும் ஓயவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்ன எதையும் மறுபேச்சில்லாமல் கேட்டவளில்லை அவள். ஒன்றை மட்டும் கேட்டு மனதில் வைத்திருந்தாள். மேடு சரிந்தால் வீட்டுக்குள் நிற்காதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவிடு என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்தவன் அவன்தான். கல்லை நட்ட பிறகு அதை மாற்றிச் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை.

சுகுணா பக்கவாட்டில் ஓடினாள்.