மீன்கடை ஐஸ்

பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. எட்டுக் குழாய் ரத்தத்தைச் சுற்றியும் பிளாஸ்டிக் பைகளில் ஐஸ்.

“யாக்கூப் அண்ணே, இந்த ரத்தத்த ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?”

உண்மையில் ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடமாக மருத்துவமனையிலிருந்து எங்கள் சிங்கப்பூர் ஆய்வகத்துக்கு வேனில் ரத்தம் கொண்டுவருகிறார். ஒரு நாளும் தப்பு செய்ததில்லை. இன்றைக்குத்தானா செய்ய வேண்டும்?

“சிராங்கூன் ரோட்டுல தீபாவளிக் கூட்டம் லா. வேன் நகரவே இல்ல. கெட்டுப் போயிருமோன்னு பயந்து, தேக்கா மீன்கடையில ஐஸ் வாங்கி வச்சேன்மா.”

மீன்கடை ஐஸாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

நம் ரத்தத்தில் கொல்லும் அணுக்கள் இருக்கின்றன. வைரஸ் புகுந்த அணுவைத் தேடிப் பிடித்து, ஒட்டிக்கொண்டு, துளைபோட்டுச் சாகடிப்பவை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இவை பெரும்பாலும் களைத்துப்போகும். இந்த ரத்தத்தைக் கொடுத்த பதினேழாம் எண்காரருக்குக் களைக்கவில்லை. மருந்து தொடங்கும் முன்பே வைரஸை அடக்கி வைத்திருந்தன. அவை எப்படிக் கொல்கின்றன என்று பார்க்கத்தான் இந்த ரத்தம். ஐஸில் விறைத்த அணு ஒழுங்காகக் கொல்லாது. நான் எதைப் பார்ப்பது?

எங்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். வெளியே தெரிந்துவிடும் என்று எட்டு மாதம் மறுத்த மனிதர், டாக்டர் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபின், இன்று காலைதான் கை நீட்டினாராம்.

எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். இனி அந்த ஆள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா என்றும் கேட்டேன்.

எப்போதும் கையெழுத்து வாங்கிய கையோடு கிளம்பிவிடுகிற யாக்கூப் அண்ணன், இன்று அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் எனக்குக் கடுப்பாக இருந்தது.

“இந்த ஐஸையாவது எடுத்துட்டுப் போங்கண்ணே.”

நனைந்துவிடாமல் இருக்க முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுப் பெட்டிக்குள் கைவிட்டார்.

முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்டர். பஞ்சின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வருவாரும்மா அந்த ஆளு,” என்றார். “நான் ஐஸ் வைக்க மாட்டேன்.”