முதுகுப் பக்கம் வெயில்

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எடுத்த படம் ஒன்றில்கூட அவள் கணவர் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர் அவரே. அந்தக் குறை அவளை விட்டுப் போகவே இல்லை. அவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து, அவளே கேமராவைக் கையில் எடுத்தாள்.

"வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கணும்மா. மூச்ச அடக்கிட்டு அமுக்கு," என்று மொட்டை மாடியில் எதிரே நின்ற மகள் சொல்லிக்கொடுத்தாள்.

அமுக்கியதும் மகள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தாள். "போச்சு! உன் நிழலும் சேர்ந்து விழுந்திருக்கு. புதுசா எடுக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு. அழிச்சிடவா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கொண்டை போட்ட நிழல் அவளுடையது. அதன் தோளுக்கு மேல் உயரமான இன்னொரு நிழல் குனிந்து, கேமராவைத் தாங்கிப் பிடித்திருந்தது.

"அழிக்காதடி, பிரேம் போட்டு மாட்டணும்," என்றாள். "உங்கப்பாதான் கொஞ்சம் இளைச்சிருக்கார்."