எஞ்சின் பேசிய கூட்டம்

ரயில்வே கேட் மூடியிருந்தாலும் அதன் அடியில் நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடுவது செவலை ஆட்டின் வழக்கம். கேட் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. செவலை கேட்கவில்லை.

ஒருநாள் சிக்னல் கிடைக்காமல் எஞ்சின் அங்கே வந்து நின்றது. "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சியது கேட். பக்கத்தில் மேய்ந்த ஆடுகளெல்லாம் கூடிவிட்டன.

எஞ்சினுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அது தொண்டையைச் செருமியதற்கே நாலு குட்டிகள் மிரண்டு ஓடின.

"நான் பிரேக் போட்டாலும் உடனே நிக்க முடியாது. அதோ, அந்தத் தண்ணித் தொட்டியைத் தாண்டித்தான் நிப்பேன்" என்றது எஞ்சின்.

"அதுக்குள்ளதான் நான் ஓடிடுறேனே! இதுவரைக்கும் மாட்டியிருக்கேனா?" என்று சிரித்தது செவலை.

"இல்லம்மா. ஆனா நீ குறுக்கே ஓடுறப்போ பயத்துல நான் கண்ணை மூடிக்குவேன். மறுநாள் இங்க உன்னைப் பார்க்கிற வரைக்கும் நீ பிழைச்சியான்னு எனக்குத் தெரியாது."

செவலை மெல்லுவதை நிறுத்தியது. "ஒருநாள் முழுக்கவா?"

"ஒவ்வொரு நாளும்."

மறுநாள் கேட் மூடியதும் செவலை ஒதுங்கி நின்றது. எஞ்சின் நெருங்கி வந்தபோது, சத்தத்தை மீறித் தொண்டை கிழியக் கத்தியது: "அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன்!"