வெள்ளிக்கிழமைக் கட்டுரை

பால் கறக்கிற ஆடு வாங்கப் போன அஜந்தன், ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். அவனுடைய அம்மா கருப்பாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஆட்டுக்குட்டிகளோட பொறண்டு வளந்த பய. இவனுக்குக் கிடா எது, பெட்டை எதுனு தெரியலையாமா?"

மழை இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்று அஜந்தன் முனகினான். கிடா அதற்குள் கொடியில் காய்ந்த சேலையில் வாயை வைத்திருந்தது.

அவன் மனைவி சுகந்தினிக்குக் கோபம் வரத்தான் செய்தது. கோபத்துக்குப் பின்னாலேயே சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கட்டுரையின் முதல் வரியும் வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

சுகந்தினி, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற ரப்பர் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். தையல் வகுப்பு, கேக் வகுப்பு, இங்கிலீஷ் வகுப்பு என்று ஆசையாக ஆரம்பித்து அவள் பாதியில் விட்டவை பல. "நான் தொட்டது எதுவும் முழுசா முடிஞ்சதில்லங்க" என்று ஒருநாள் அஜந்தனிடம் சொல்லி அழுதும் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் எழுத்து. தன் வாழ்க்கையிலிருந்து வாரம் ஒரு கட்டுரை. வெள்ளிக்கிழமை தவறாமல் பேஸ்புக்கில் போட்டுவிட வேண்டும் என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டாள்.

முதலில் பள்ளிக்கூட நாட்களை எழுதினாள். பிறகு கல்யாணத்தை எழுதினாள். அத்தோடு கையிருப்புத் தீர்ந்துபோனது. லயத்தில் இந்த வாரமும் போன வாரம் மாதிரியேதான் இருந்தது. புதன்கிழமை வந்தால் முகம் வாடிவிடும். எழுத ஒன்றுமில்லை, இதையும் விட்டுவிடப் போகிறேன் என்று புலம்புவாள். அஜந்தன் பிளேன்டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

நல்லவேளையாக, அவனுக்கே ஏதாவது நடந்து அவளைக் காப்பாற்றியது. முடிவெட்டப் போன இடத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போய், ஆசையாக வளர்த்த மீசையைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். கேகாலைக்கு நண்பனின் கல்யாணத்துக்குப் போனவன், மண்டபம் மாறி நுழைந்து, முன்பின் தெரியாத சிங்கள மாப்பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் வந்தான்.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் அளந்து வாங்குகிற வேலை அவனுக்கு. அங்கே ஒரு சொட்டுக்குக்கூட அவன் அளவு பிசகியதில்லை. வீட்டுக்கு வந்தால்தான் இப்படி.

கிடாக் கட்டுரையை எங்கெங்கோ இருந்து படித்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். கட்டாரில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு பெண், "அக்கா, வெள்ளிக்கிழமை வந்தா ஒங்க எழுத்தத்தான் தேடுறேன்" என்று எழுதியிருந்தாள். சுகந்தினி அதை அஜந்தனுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினாள்.

கிடாவை அவன் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். விற்றவர் மறுபேச்சுப் பேசவில்லையாம்.

அடுத்த திங்கட்கிழமை அவன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தான். சுகந்தினி எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். பால் வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அஜந்தன் குனிந்து அளந்துகொண்டிருந்தான்.

"என்னண்ணே, கிடாவுல எத்தனை லீட்டர் கறந்தீங்க?" என்று கேட்டான், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சதீஸ்.

வரிசை முழுக்கச் சிரித்தது. உள்ளே இருந்த கிளாக்கரும் சிரித்தார். இப்போதெல்லாம் அவனுக்கு அங்கே கிடா என்றுதான் பெயர் என்பது அவர்கள் கூப்பிட்டதிலிருந்தே தெரிந்தது. அஜந்தனும் நிமிராமல் சிரித்துக்கொண்டான்.

சுகந்தினி சோற்றுப் பெட்டியை வாசல் திட்டில் வைத்துவிட்டு, அவன் கண்ணில் படாமல் திரும்பிவிட்டாள். யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனுஷன். அவனைப் பார்த்து நாலு பேரைச் சிரிக்க வைத்துத்தானே தனக்கு ஒரு பெயர் வந்தது என்று நினைத்தபோது கண் கலங்கியது.

சாயங்காலம் அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தேநீரை வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"எழுத்த விட்டுட்டேங்க."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஏன்? நல்லாத்தானே போகுது."

ஸ்டோரில் நடந்ததைப் பார்த்தேன் என்றாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன குறைந்துவிட்டது என்றான் அவன். கட்டாரில் அந்தப் பிள்ளை தேடுமே என்றும் சொல்லிப் பார்த்தான். சுகந்தினி மசியவில்லை.

"தெரியாமப் பண்ணுன தப்பையெல்லாம் ஊருக்குக் காட்டி ஒங்கள கேவலப்படுத்திட்டேன். இனி ஒரு வரி எழுத மாட்டேன். முடிவு பண்ணிட்டேன்."

அஜந்தன் எழுந்து வாசல்வரை போனான். யோசித்தபடி நின்றான். அவன் மனம் சமாதானமாகிவிட்டது என்று அவள் நினைத்தபோது, கவலையான முகத்தோடு திரும்பி வந்தான்.

"அப்ப, இந்த வாரக் கட்டுரைக்குனு சொல்லி வச்ச வாத்துங்கள என்ன செய்றது?"