ஒன்பது நாள் பார்வையாளர்

"முகத்தைத் துடைக்கிறேன்ம்மா. தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்கும்."

பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்து நர்ஸின் குரல் வந்தது. அறிவுச்செல்வன் வார்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"தலையைச் சிக்கெடுக்கட்டுமா? வலிச்சா சொல்லுங்க."

கொஞ்சம் இடைவெளி. பதிலைக் காதில் வாங்கிக்கொள்வது போல.

"சரிம்மா. மெதுவாவே பண்றேன்."

அறிவுச்செல்வன் உடன் வந்த திருமலையைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? அம்மா நல்லாத்தான் பேசிட்டிருக்காங்க. சீரியஸ், உடனே வாங்கன்னு காலையில இருந்து நாலு தடவை போன். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் எதிர்ல மைக்கைப் புடிச்சிட்டு நிக்கிறேன். பாதியில எப்படி எறங்கி வர்றது?"

"அதுவும் இன்னிக்கு ஜனம் ஜாஸ்திண்ணே."

போராட்டத்தின் ஒன்பதாம் நாள். 'நோயாளியும் மனிதனே! மருத்துவமனைகளே, அவனிடம் கனிவாகப் பேசுங்கள்!' மிஞ்சிய துண்டறிக்கைகள் திருமலையின் கக்கத்தில் இருந்தன.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பொன்னி நிமிர்ந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"ஆறாம் நம்பர். பாஞ்சாலை. எங்கம்மா."

பொன்னியின் கை நின்றது.

"அந்தம்மா தவறிப்போயி முக்கா மணி நேரம் ஆவுதே சார். டாக்டர்கூட வந்து பாத்துட்டுப் போயிட்டாரே."

அறிவுச்செல்வன் சட்டென்று திரும்பினார். திரைக்குப் பின்னால் குரல் மட்டும் நிற்கவில்லை.

"இடது கையைத் தூக்கறேன்ம்மா. இதுதானே உங்களுக்கு நோவும்?"

மறுபடியும் அந்த இடைவெளி.

"ஆங்... இவ்ளோதான். முடிஞ்சிடுச்சு."

அவர் திரையை விலக்கினார். அம்மா கண்மூடிக் கிடந்தாள். தலை வாரி, வகிடு எடுத்திருந்தது. பக்கத்தில் ஈரத் துணியுடன் ஒரு சின்னப் பெண். சட்டைப்பையில் இனியா என்று பெயர் குத்தியிருந்தது.

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?"

"அம்மாகிட்ட சார்."

"அவங்க செத்துட்டாங்க."

"தெரியும் சார். நான்தான் கண்ணை மூடிவிட்டேன்."

துக்கத்துக்கு முன்னால் அவருக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷப் போராட்டப் பழக்கம்.

"திருமலை, வீடியோ எடு! செத்தவங்களை உசுரோட இருக்கிற மாதிரி காட்டி நாடகம் போடறாங்க. என்னமோ தப்பு நடந்திருக்கு, மறைக்கிறாங்க. இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கோட வேலை இருக்கக் கூடாது."

இனியா கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"வீடியோ வேணாம் சார். அம்மாவுக்கு இன்னும் சேலை சரியா சுத்தல."

"பேச்சை மாத்தாதே. பொணத்துகிட்ட என்ன பேச்சு?"

"தொடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடணும்னு சொல்லிக்குடுத்திருக்காங்க சார். இத்தனை நாள் சொல்லிட்டுத்தான் தொட்டேன். இன்னிக்கு மட்டும் எப்படி சொல்லாம தொடறது?"

"நல்லா ஒப்பிக்கிறே." பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த நர்ஸு எங்கம்மாவை எப்படிப் பாத்துக்கிச்சு? பயப்படாம சொல்லுங்க. நான் இருக்கேன்."

காலில் மாவுக்கட்டுடன் கிடந்த ராணியம்மாள், அடி அண்ணாமலை ஊர்க்காரி, அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் பையனா? தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு வருவியே, அந்தப் பையனா?"

"நானா?"

ஒன்பது நாளைக்கு முன்னால் அம்மாவைச் சேர்த்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு இந்த வார்டில் கால் வைத்ததில்லை.

"பின்ன? திரையை இழுத்துடுவாங்க. உங்கம்மா பேசறது மட்டும் எனக்குக் கேக்கும். 'வந்துட்டியாடா? சாப்ட்டியா? கூட்டம் நல்லா நடந்துச்சா?'ன்னு கேக்கும். அப்புறம், 'போதும்டா கால் அமுக்குனது, போய்ப் படு'ன்னு சொல்லும். நீ வாயைத் தொறக்கவே மாட்டே."

அறிவுச்செல்வன் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"என்னைப் பாத்தீங்களா?"

"எங்கே பாத்தேன்? வாசப்படி என் கண்ணுக்கு எதிர்லதான் கீது. நீ வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. இன்னா ஆளுடா இவன்னு நெனைச்சுக்குவேன்."

"நேத்துமா?"

"நேத்துந்தான். நேத்து ரொம்ப நேரம் இருந்தே. உங்கம்மா சிரிச்சுதே!"

திருமலையின் கையில் இருந்த போன் மெல்ல இறங்கியது.

"அண்ணே... நேத்து ஆறு மணிக்கு நாம போராட்டப் பந்தல்லதானே இருந்தோம்?"

அறிவுச்செல்வன் அம்மாவின் கால்களைப் பார்த்தார். சர்க்கரையில் அவளுக்குக் கண் இரண்டும் மங்கி மூன்று வருஷம் ஆகிறது. எதிரில் நிற்பது யார் என்று சொன்னால்தான் தெரியும்.

"யாரும்மா வந்தது?" என்று இனியாவிடம் கேட்டார். மைக் இல்லாத குரல் அது.

இனியா சேலையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தாள். பாஞ்சாலையின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, உங்க பையன் வந்திருக்காரு. ஒன்பது நாளா நான் காலை அமுக்கிட்டு சொன்ன மாதிரி பொய் இல்லம்மா... இன்னிக்கு நெசமாவே வந்துட்டாரு."