ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்

கோவில்பதாகை ஊரின் பதினொரு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து டைல்ஸ் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கும் பள்ளி ஆசிரியை காவ்யா, கைப்பேசியைப் பார்த்துக் கேள்விகளை வாசிக்கிறாள். வீட்டுக்காரி எல்லம்மா, பரீட்சைக்கு வந்தவளைப்போல முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். கான்கிரீட் கூரை, குழாய்த் தண்ணீர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்டர்நெட் என்று ஒவ்வொன்றுக்கும் "கீது" என்கிறாள். வாஷிங் மெஷினின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. சோபாவின் மற்ற இடங்களில் தூசு படியாமலிருக்கப் பழைய போர்வை விரித்திருக்கிறது.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு."

காவ்யா போர்வையைப் பார்க்கிறாள். "எல்லாரும் இங்கதான் இருக்காங்களா?"

"பெரியவன் ஓசூரு, சின்னவன் துபாய். எங்க ஊட்டுக்காரரு போயிச் சேந்து மூணு வருசம் ஆவுது. ஆனா ரேஷன் கார்டுல நாலு பேரு கீதும்மா. பேரை அட்ச்சி கிட்ச்சி வுட்றாத."

"கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்களைத்தான் எழுதணும்."

சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்குகிறது. மின்விசிறிக் காற்று காலண்டர் தாளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. எல்லம்மா முந்தானையை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் சுற்றுகிறாள்.

"அப்போ ஒண்ணு."

காவ்யாவின் விரல் திரையைத் தொடப் போகிறது. எல்லம்மா சட்டென்று எழுந்துவிடுகிறாள்.

"இரும்மா, அழுத்தாத. கைப்பழக்கத்துல அரிசி ஜாஸ்தியா போட்டுட்டேன். நீயும் ஒரு வாய் சாப்டு. இன்னிக்கி ரெண்டுன்னு எழுதிக்கோ."